டிரம்ஸுக்குப் பின்னால் மாப்பிள்ளை

பிளாஜெனாவுக்குச் சங்கதி தெரிந்தது கல்யாணத்துக்கு நாலு நாள் முன்புதான். சொன்னவன் ஹினெக், மாப்பிள்ளை ராடிமின் இசைக்குழுவில் பாடுகிறவன். செங்கல் சூளை வாசலில் அவளைப் பார்த்து, தேதி தோதாக அமைந்ததற்கு நன்றி சொன்னான். இரவல் ஸ்பீக்கர்கள் அந்தச் சனிக்கிழமைக்குத்தான் கிடைக்குமாம். கச்சேரி என்று கேட்டால் எவனும் கூடத்தைத் தர மாட்டான். கல்யாணம் என்றால் ஊர்க் கமிட்டி கேள்வி கேட்காமல் முத்திரை குத்திவிடும்.

அவள் தள்ளுவண்டியைக் கீழே வைக்கவில்லை. அதில் சூடு ஆறாத செங்கல் அறுபது இருந்தது. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.

மூன்று வருஷமாகக் கல்யாணப் பேச்சை எடுத்ததெல்லாம் அவள்தான். வீடு கிடைக்கட்டும் என்பான் ராடிம். குளிர் போகட்டும் என்பான். போன மாதம் திடீரென்று அவனே கேட்டான். கண் கலங்கியதற்குச் சூளைப் புகைமேல் பழியைப் போட்டுவிட்டுச் சரி என்றாள்.

அவனும் அதே சூளையில்தான் கரி அள்ளிப் போடுகிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அரசாங்கத்தின் பரீட்சைக் குழு அவர்களுடைய பாட்டைக் கேட்டுவிட்டு, முடி நீளம், பாட்டுகள் நம்பிக்கை ஊட்டவில்லை என்று எழுதி மேடையில் வாசிக்கும் உரிமத்தைப் பறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் வாசித்தாலே குற்றம். கித்தார்க்காரர்களில் ஒருவன் இன்னும் உள்ளே இருக்கிறான். ராடிம் கடைசியாக டிரம்ஸில் உட்கார்ந்து பதினோரு மாதம் ஆகிறது. கல்யாணம் தனக்காகவா அதற்காகவா என்று அவள் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வான். சொல்வதற்கு என்ன, யாரும் எதையும் சொல்லலாம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சம்பிரதாயப்படி கூடத்து வாசலில் பீங்கான் தட்டை உடைத்து, இரண்டு பேருமாகக் கூட்டி அள்ளினார்கள். ஒரே துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒரே கரண்டியில் கல்லீரல் உருண்டை சூப் குடித்தார்கள். வந்தவர்கள் தொண்ணூறு பேர். பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. எல்லாம் பிராகிலிருந்து ரயிலில் வந்த நீள முடிக்காரர்கள். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று ஆளுக்கொரு பரிசைத் தூக்கிவந்திருந்தார்கள். மேஜையில் சாம்பல் கிண்ணம் மட்டும் பதினொன்று சேர்ந்தது. அவளோ அவனோ புகைப்பதில்லை.

இரண்டு மணிக்கு ராடிம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் அவனுடைய அத்தைகளுக்கு நடுவில் இருந்தாள். முதல் அடி விழுந்ததும் மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்தன. ஒரு அத்தை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கேக்கைத் தொடர்ந்து தின்றாள்.

மூன்றாவது பாட்டின்போது போலீஸ் வந்தது. சீருடையில் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். மழைக்கோட்டு போட்ட மூன்றாமவன் கல்யாணப் பத்திரத்தை வாங்கிப் படித்தான். பிறகு அவளை மட்டும் கோட்டு மாட்டும் நடைக்குக் கூப்பிட்டான்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"அங்க. டிரம்ஸ்ல."

"என் கல்யாணத்துல நான் என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தேன். உன்னை வச்சு கச்சேரி நடத்துறானுங்க. அதை மட்டும் எழுதிக் குடு. நீ வீட்டுக்குப் போகலாம், உன் வேலையும் போகாது."

நாலு நாளாக அவள் மனசில் அரைபட்டதுதான் அது. ஆனால் இந்த ஆள் வாயில், ஊறுகாய் வெங்காய நாற்றத்தோடு கேட்டபோது அவளுக்கு எரிச்சல் வந்தது.

"இது என் கல்யாணம், தோழர்."

"அப்போ அவன் வந்து உன்கூட ஆடட்டும். பாத்துட்டு முடிவு பண்றேன்."

வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு பியர் கேட்டான்.

அவள் கூடத்தின் நடுவே நடந்தாள். விஷயத்தைச் சொன்னால் ராடிம் உடனே குதித்து எழுந்து வருவான். அது கச்சேரியைக் காப்பாற்ற வருவது. ஆயுசுக்கும் அவளுக்கு விடை தெரியாது. சொல்லாமல் விட்டு அவன் வராமல் போனால் தொண்ணூறு பேர் முதுகிலும் தடி விழும், அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

"வா, ஆடலாம்."

"இந்தப் பாட்டு முடியட்டுமே." அவன் வாசலைப் பார்த்திருக்கவில்லை. முகமெல்லாம் வியர்வை; ஒரு சந்தோஷம், சூளையில் அவள் ஒருநாளும் பார்க்காதது.

அவள் அங்கேயே நின்றாள். அவன் கை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்றும் போனது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பாட்டின் நடுவிலேயே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கித்தார்கள் துணையில்லாமல் தள்ளாடின.

"டேய், எங்கடா போற?" என்றான் ஹினெக்.

"பொண்டாட்டி கூப்பிடுறா."

கூட்டம் சிரித்தது. அவனுக்கு ஆட வராது. வந்ததும் அவள் காலை மிதித்தான். அவள் முதுகில் வைத்த கையின் விரல்கள் மட்டும் விட்டுவந்த தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தன. திரும்பும்போதுதான் மழைக்கோட்டுக்காரனைக் கண்டான்.

"அந்த ஆள் உன்கிட்ட என்ன கேட்டான்?"

"நீ என்கூட ஆடுவியான்னு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

விரல்கள் நின்றன. 

"ஹினெக் உளறிட்டானா?"

"உளறிட்டான்."

"ஸ்பீக்கரும் ஒரு காரணம்தான்," என்றான். "இல்லன்னு சொல்ல மாட்டேன். கொடுத்தவன் ரெண்டு தேதி சொன்னான். அடுத்தது வசந்தத்துல. அதுவரைக்கும் என்னால இருக்க முடியல."

"கச்சேரி இல்லாமயா?"

"ரெண்டும் இல்லாமத்தான்."

மழைக்கோட்டுக்காரன் பியரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்; கூடத்தைக் காலி செய்யச் சொல்லவில்லை. போகும்போது ஒரு சீருடைக்காரனை வாசலில் நிறுத்தி, வெளியே வருகிற ஒவ்வொருவருடைய அடையாள அட்டை எண்ணையும் எழுதச் சொன்னான். திங்கட்கிழமை சூளை அலுவலகத்துக்கும் அது போய்விடும்.

ராடிமின் கண் டிரம்ஸுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இருக்கைப் பக்கம் போனது. பிளாஜெனா அவன் தோளை விடவில்லை. அவனும் விடச் சொல்லிக் கேட்கவில்லை. ஹினெக் அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான், மெதுவாக, அவர்கள் காலுக்கு ஏற்றபடி.