கிணற்றடிப் பாட்டு

ராஜபார்ட் நாச்சிமுத்து கிரீடத்தோடு மேடைக்கு வந்தபோதே என் நாடகம் முடிந்துவிட்டது. அது தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. குஜிலியம்பாறைப் பக்கத்துச் சம்சாரி ஒருவன், மழையை நம்பிச் சோளம் விதைத்து நொந்துபோய், பொண்டாட்டி கழுத்தில் கிடந்ததை விற்றுக் கிணறு வெட்டுகிறான். அதுதான் கதை. அந்தச் சம்சாரி ஜிகினா அங்கியும், நெற்றியை மறைக்கும் கிரீடமும், காலில் சலங்கையுமாக, மண்வெட்டியைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். கொட்டகையில் விசில் பறந்தது. நான் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சொந்தமாக நாடகம் எழுதும் இந்தக் கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் சூசைமாணிக்கம். திண்டுக்கல் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷமாக நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். நாடகம் இல்லாத நாளில் மாதாகோயில்களிலும் மிஷன் பள்ளிக்கூடங்களிலும் ஆர்கன் பழுது பார்ப்பேன். அறுபத்திரண்டாம் வருஷம் கோடையில் அப்படித்தான் வத்தலக்குண்டில் பஸ் ஏறிக் கொடைக்கானல் போனேன். மிஸ் ஆல்டன் என்ற அமெரிக்க டீச்சரம்மா வீட்டு ஆர்கனின் துருத்தியை எலி கடித்திருந்தது. நான் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்தம்மா தன் தம்பி எழுதிய கடிதத்தைப் படித்துப் படித்துச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். தம்பி அவர்கள் ஊரில் ஒரு புது ஆப்பராவில் கோஷ்டியோடு பாடினானாம். பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டுத்தான். ராஜா ராணிக் கதையும் இல்லை. வெள்ளத்தில் மாட்டுக்கொட்டிலைப் பறிகொடுத்த ஒரு குடியானவன் வீட்டுக் கதை. உலகத்தில் அதுவரை யாரும் கேட்காத பாட்டுகள். அங்கே வருஷா வருஷம் யாராவது இப்படிப் புதிதாக எழுதி அரங்கேற்றுவார்களாம்.

"மொத நாளு யாருக்குமே பாட்டு தெரியாதுல்ல? சனங்க சத்தம் போடலையா? பழைய பாட்டு கேக்கலையா?" என்று கேட்டேன்.

"இல்லை. எல்லாரும் சும்மா உட்கார்ந்து கேட்டாங்க. ஐந்து மாதம் ஒத்திகை செய்தாங்களே!" என்றார் மிஸ் ஆல்டன்.

ஐந்து மாதம் ஒத்திகை. எங்கள் தொழிலில் அந்த வார்த்தையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவாள், பபூன் வேறெங்கிருந்தோ வருவான். மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எல்லாருக்கும் அதே நாலு புராணக் கதை, அதே பாட்டு, அதே தர்க்கம் மனப்பாடம். எவர் எங்கே தாவினாலும் மற்றவர் பிடித்துக்கொள்வார். எல்லாரையும் துரத்திப் பிடிக்கிறவன் ஆர்மோனியக்காரன். ராஜபார்ட் பாதியில் வேறு பாட்டுக்குப் போக நினைத்தால், அவர் வாயைத் திறக்குமுன் என் விரல் அங்கே போய்விடும். அந்த விஷயத்தில் எனக்கு மதுரை வரைக்கும் பேர் உண்டு. எவன் பின்னாலும் ஓடுவதற்கு ஒரு பேர்!

அந்த வருஷமே எழுதி முடித்தேன். பத்தொன்பது பாட்டு, வசனம் ஒரு வரி இல்லை. கதை ஸ்திரீபார்ட் சிவனம்மாள் கொடுத்தது. அவளுடைய அப்பன் வெட்டிய கிணறு அது. நாற்பத்தெட்டு அடியில் பாறை. வெடி வைத்துத் தகர்த்தால் அதற்குக் கீழே இன்னொரு பாறை. அப்பன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகும் அம்மா பேச்சாயி தினமும் விடிந்ததும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்குவாளாம், வெறும் வாளியை மேலே இழுப்பாளாம். பஸ்ஸில் வரும்போது கடலையை உரித்துக்கொண்டே சிவனம்மாள் இதைச் சொன்னாள். அந்த வாளிதான் என் கடைசிப் பாட்டு.

ஒத்திகைக்கு வந்தவளும் அவள் ஒருத்திதான். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியாக நான் சொல்லச் சொல்ல, நாற்பது நாள், அரிசி களைந்துகொண்டும் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டும் பாடம் பண்ணினாள். "ஏத்தா, இம்புட்டுப் பாடுபடுறியே, மேடையில வழக்கம்போல எதையாச்சும் பாடி ஒப்பேத்தலாம்ல?" என்று ஒருநாள் சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "எந்த நாடகத்துலயும் கடைசிப் பாட்டு எனக்கு வந்ததில்லண்ணே. ராஜபார்ட்டு மங்களம் பாடுவாரு, நான் பக்கத்துல நின்னு கும்புடுவேன். இதுலதான் எனக்குன்னு ஒரு பாட்டு இருக்கு. அதை ஒரு தடவை நாலு பேரு கேக்கப் பாடிட்டேன்னா போதும்" என்றாள்.

சினிமாக் கொட்டகை மேனேஜர் சௌகத் அலி நல்ல மனிதர்தான். ஆனால் நோட்டீஸில் நாச்சிமுத்துவின் பெயர் இல்லாவிட்டால் கொட்டகை இல்லை என்று சொல்லிவிட்டார். அதுவும் கீற்றுக் கொட்டகையில் வெளிச்சம் இருக்கும்வரை சினிமா ஓட்ட முடியாது என்பதால், பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்தரை வரைக்கும்தான் எங்களுக்கு. ஆறு மணிக்குப் படம். நான் ஒட்டன்சத்திரம் போய், சந்தைக்குப் பின்னால் இருந்த நாச்சிமுத்துவின் வீட்டில் மூன்று தடவை காத்துக் கிடந்தேன்.

"ஏனுங்க வாத்தியாரே, இருவது வருசமா மேடை ஏறுறேன். எனக்குப் போயி ஒத்திகைங்களா?" என்று அவர் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார். "கதையைச் சொல்லுங்க, போதும். மேடையில நான் பாத்துக்கறேனுங்க."

கதையைச் சொன்னேன். தண்ணீர் வராது என்பதை இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். மனிதர் தலையை ஆட்டினால் கேட்டுக்கொண்டார் என்று நம்பிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அரங்கேற்றத்தன்று கொட்டகை நிரம்பியது. மலையிலிருந்து மிஸ் ஆல்டன் வந்து முதல் வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். என் முதல் பாட்டை நாச்சிமுத்து இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரியில் அவர் கண் லேசாக மேலே போனது. அது எனக்குத் தெரிந்த கண். தாவப்போகிறார். 'கையை எடு, சூசை, கையை எடு' என்று மனசு கத்துகிறது. விரலோ அதற்குள் ஐந்து கட்டைச் சுருதிக்குப் போய், அவருடைய பழைய தர்பார் பாட்டுக்குப் பாய் விரித்து வைத்திருந்தது. கொட்டகை அதிர்ந்தது. ஒன்ஸ்மோர். மறுபடி ஒன்ஸ்மோர். சோளம் கருகிய காட்டில் நின்றுகொண்டு ஒரு மகாராஜா தன் நாட்டு வளத்தைப் பாடினார்.

சிவனம்மாள் மட்டும் நான் எழுதியதையே பாடினாள். நாச்சிமுத்து எங்கே இழுத்தாலும் அவள் தன் வரிக்குத் திரும்பி வந்தாள். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை; கேட்டு வளர்ந்த பாட்டாக இருந்தால் கூடவே முணுமுணுக்கலாம், இது புரியாத புதுசு. பின்னால் எவனோ, "ஏலே, அந்தம்மாவ உக்காரச் சொல்லு" என்றான். அவள் காதில் விழுந்திருக்கும். கழுத்தில் வியர்வை வழிய, அடுத்த வரியைப் பாடினாள். கடைசிப் பாட்டு வரப்போகிறது என்ற ஒரே தெம்பில்தான் அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஐந்தே கால் ஆகியிருக்கும். மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டிய கிணற்றுக்குள் நாச்சிமுத்து இறங்கினார். வெளியே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. இந்த இடத்தில் அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பேசாமல் ஏறிப் போக வேண்டும். பிறகு அவள் வாளியோடு வருவாள். அவர் மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டார். உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மேலே பறந்தது! எப்போது ஒளித்து வைத்தாரோ தெரியாது.

"கங்கை பொங்கினாள்!" என்று கூவியபடி எழுந்து, கிணற்றின் விளிம்பில் கால் வைத்து நின்று மங்களத்தை எடுத்தார். ஜனம் கைதட்டிக்கொண்டே எழுந்தது. சிவனம்மாள் வெறும் வாளியோடு ஓரத்தில் வந்து நின்றாள். கும்பிடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மங்களம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

திரை விழுந்தது. நாச்சிமுத்து பக்கவாட்டில் இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். "ராஜபார்ட்டு வெட்டுன கெணத்துல தண்ணி வரலீன்னா சனங்க எப்படிங்க வீட்டுக்குப் போகும்? இப்பப் பாருங்க, அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டுப் போறாங்க." அவர் முகத்தில் கள்ளம் இல்லை. எனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்திதான் இருந்தது. அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மிஸ் ஆல்டன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "கடைசியில் தண்ணீர் வந்ததே, எனக்கு ரொம்பச் சந்தோஷம். எங்க ஊர்ப் புது ஆப்பராவில் எல்லாரும் அழுதுகொண்டே போவாங்க. கிரீடம் வைத்தவர் அற்புதம்!" என்றார். நான் தேங்க்ஸ் சொன்னேன். வேறென்ன சொல்வது?

வாசலில் சௌகத் அலி சினிமாவுக்கு டிக்கெட் கிழிக்கத் தொடங்கிவிட்டார். புதுக் கூட்டம் கடலைப் பொட்டலங்களோடு மணலில் இடம் பிடித்தது. நான் ஆர்மோனியத்தை மூடப் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து சிவனம்மாளின் குரல் கேட்டது. பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.

"மங்களத்துக்கு நீங்க பெட்டியிலருந்து கையை எடுத்திருந்தா, அவரு என்னண்ணே பண்ணியிருப்பாரு?"

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் எனக்குத் தெரியும்.

பிறகு அவள் அந்த வாளிப் பாட்டை எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்த சுருதியில் இல்லை. அதைவிடக் கீழே, வீட்டுக்குள் பேசுகிற குரல் அளவில். என் கை தானாகத் துருத்திக்குப் போய் ஒரு சுரம் கொடுத்தது.

"பெட்டி வேண்டாம்ணே" என்றாள் உள்ளேயிருந்து, அடுத்த வரிக்கு முன்னால்.

கையை மடியில் போட்டுக்கொண்டேன். மணலில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ படம் போடச் சொல்லிக் கத்தினார்கள். முன்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி, கத்தியவனைக் கையமர்த்தினாள். திரையின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதில் சிவனம்மாளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒத்திகையில் அவள் தரையில் நின்றுதான் பாடுவாள். இப்போது பாதங்கள் கிணற்றை நோக்கி நகர்ந்தன. ஒன்று கிணற்று விளிம்புக்கு மேலே போனது, பிறகு இன்னொன்று. இடைவெளியில் வெறும் தரை மட்டும் இருந்தது. பாட்டு உயரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.