அந்தக் கோனை அவன் தொடவில்லை

வெற்றிவேலின் ஹார்டுவேர் கடைக்கு பைப் வாங்கப் போகிறவர்கள் பைப்போடு ஒரு கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். பீர்க்கன்கரணையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எட்டு வருடத்துக்கு முன் நடந்த ஆட்டோகிராஸ் போட்டி. மைதானத்தில் கூம்பு மாதிரி பிளாஸ்டிக் கோன்களை வைத்து, கார்களை ஒவ்வொன்றாக விட்டு, யார் சீக்கிரம் வளைந்து நெளிந்து சுற்றி வருகிறார்கள் என்று பார்க்கிற பந்தயம். அன்றைக்குக் கடைசிச் சுற்றில் வெற்றிவேலைவிட வேகமாக யாரும் ஓட்டவில்லை. ஆனால் ஒரு கோனை இடித்துவிட்டான் என்று கொடியைத் தூக்கி, ஐந்து வினாடி அபராதம் போட்டு, கோப்பையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடியைத் தூக்கியவன் ஜாய்சன். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே சுற்றியவன்.

"கோன் நின்னுகினு கீது சார். வுழவே இல்ல. தொட்டிருந்தா எனக்குத் தெரியாதா? சீட்ல உக்காந்தா டயருக்கு அடியில கல்லு மாட்னா கூட எனக்குத் தெரியும்" என்பான் வெற்றிவேல்.

"ஆமா சார். முக்கால் இஞ்ச் எல்போ ரெண்டு குடுங்க" என்பார் வந்தவர்.

இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோன்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் கிடையாது. ஓட்டி முடித்தவன் இறங்கி, வெயிலில் கோன் பக்கத்தில் கொடியோடு நிற்க வேண்டும். அடுத்தவன் ஓட்டத்துக்கு அவனே சாட்சி. கோனின் அடியைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போட்டிருப்பார்கள். கோன் விழ வேண்டும் என்றுகூட இல்லை, நின்றபடியே கட்டத்தை விட்டு நகர்ந்திருந்தாலும் அபராதம்தான். வருகிறவன் மச்சானா மாமனா என்று பார்த்துக் கொடியைக் கீழே வைத்தால் அப்புறம் அந்தக் கூட்டத்தில் மதிப்பு இருக்காது. ஜாய்சன் அப்படி ஆள் பார்க்கவில்லை, கொடியைத் தூக்கினான். வெற்றிவேல் காரை விட்டு இறங்கி ஓடி வருவதற்குள் இன்னொரு கார் ஏறி அந்தச் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு இவன் வாய்க்கும் அவன் வாய்க்கும்தான் வழக்கு.

அத்தோடு ஓட்டுவதை விட்டான், ஜாய்சனோடு பேசுவதையும் விட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, வெற்றிவேல் அந்த முயலை எட்டு வருடம் தீனி போட்டு வளர்த்தான். நடுவில் ஜாய்சனின் அப்பா லாசரஸ் இறந்துபோனார். இவர்கள் காரை நிறுத்தி ரிப்பேர் பார்க்கத் தாம்பரத்தில் தன் வீட்டு வாசலையே விட்டுக்கொடுத்த மனிதர் அவர். ஒவ்வொரு போட்டிக்கும் கிளம்பும்போது பானெட்டில் கையை வைத்து, வெற்றிவேல் பெயரையும் சொல்லி ஜெபம் பண்ணுவார். அடக்கத்தன்று வெற்றிவேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான். இரும்புலியூர் வரை போனவன் அங்கேயே வண்டியைத் திருப்பிவிட்டான். முதலில் அவன் வந்து தப்பை ஒப்புக்கொள்ளட்டும் என்று மனைவி சுபத்ராவிடம் சொன்னான். தகப்பனைப் பறிகொடுத்தவன் வந்து இவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இப்படியும் ஒரு பிடிவாதம்.

போன மாசி மாதம் பாலு போன் பண்ணினான். அந்தக் காலத்தில் இவர்களோடு ஓட்டியவன், இப்போது வருடத்துக்கு ஒரு போட்டி நடத்துகிறான்.

"இன்னா மச்சான், உன் எஸ்டீம் காரு உயிரோட கீதா, இல்ல காயலாங்கடைல போட்டியா? ஞாயித்துக்கெழம குன்றத்தூர் பக்கம் வெச்சிருக்கேன். வா."

"எனக்கு வயசாச்சுடா."

"ஜாய்சனும் வரான்."

வெற்றிவேல் வருகிறேன் என்றான், எதற்காக என்பதையும் சொன்னான். காரின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை அன்றைக்கே எடுத்தான், புது பேட்டரி போட்டான், டயர் மாற்றினான். ஓட்டுகிற ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவன் போனது அதற்காக இல்லை. "நீ தொடல, நான்தான் தப்பா கொடி தூக்கிட்டேன்" என்று ஜாய்சன் தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் போனான்.

மூடிக் கிடந்த ஒரு காலேஜின் மைதானம். தூரத்தில் முருகன் கோயில் குன்று தெரிந்தது. ஜாய்சன் முன்பே வந்திருந்தான். தலை பாதி நரைத்து, கண்ணாடி போட்டு, அப்படியே லாசரஸ் மாதிரி ஆகியிருந்தான். அதைப் பார்த்ததும் வெற்றிவேலுக்கு என்னவோ செய்தது.

"வா வெற்றி. நல்லா இருக்கியா?"

"ம். நீ?"

"இருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஓட்டுவதற்கு முன் எல்லோரும் பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பது வழக்கம். கோன் கோனாக நடந்தார்கள். பாலு வாய் ஓயாமல் கலாய்த்துக்கொண்டே வந்தான். மைதானத்தின் கோடியில் ஒற்றைக் கோன் ஒன்று. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, காரின் பின்பக்கத்தை வீசி, அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். அன்றைக்கும் இதே மாதிரி கோன்தான். அந்த இடத்தை மட்டும் பாலு வேகமாகக் கடந்தான். ஜாய்சன் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

முதல் சுற்றில் வெற்றிவேல் தடுமாறினான். கை மறந்திருந்தது. இரண்டாவது சுற்றில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கியர் தானாக விழுந்தது, கார் சொன்னபடி கேட்டது. கோடியில் இருந்த கோனை ஒரே வீச்சில் சுற்றி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றான். எட்டு வருடத்தில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஹெல்மெட்டைக் கழற்றும்போது தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நேரம் குறிக்கிற மேசையில் பாலு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "செம டைம் மச்சான். ஆனா அஞ்சு செகண்டு ஏறும். கோடி கோன்ல கொடி வந்துச்சு."

"எவன்டா அவன்?"

அவன் இல்லை, அவள். ஜெரூஷா என்று ஒரு பெண், மேடவாக்கத்துப் பக்கம் ஏதோ ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். இவனுக்கு முந்தைய ஓட்டத்தை முடித்துவிட்டு அந்தக் கோனில் நின்றவள்.

"கோன் பாக்ஸ விட்டு வெளில வந்துடுச்சு சார்" என்றாள்.

"நின்னுகினு கீதேம்மா. வுழவே இல்லியே."

"விழல சார். நகர்ந்துச்சு."

"நீ பொறக்கறதுக்கு முன்ன நான் ஸ்டியரிங் புட்ச்சவன். தொட்டிருந்தா எனக்குத் தெரியாதா? சீட்ல உக்காந்தா டயருக்கு அடியில கல்லு மாட்னா கூட..."

சொல்லும்போதே அவனுக்குக் காதில் விழுந்தது. எட்டு வருடமாகக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல். கொஞ்ச தூரத்தில் தன் கார் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்த ஜாய்சன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

ஜெரூஷா சண்டைக்கு நிற்கவில்லை. "என் ஃப்ரெண்டு எழில் வீடியோ எடுத்தாங்க சார். நீங்களே பாருங்க" என்று தோழியின் போனை வாங்கி நீட்டினாள்.

வெற்றிவேல் பார்த்தான். அவனுடைய எஸ்டீம் அழகாகத்தான் வந்தது. பின்பக்கம் வீசித் திரும்பும்போது பின் பம்பரின் ஓரம் கோனின் மேல் பட்டது. இடிக்கக்கூட இல்லை, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் முழங்கை படுகிற மாதிரி. கோன் ஒரு ஆட்டம் ஆடி, ஒரு அடி தள்ளிப் போய், மறுபடி நிமிர்ந்து நின்றது. சுண்ணாம்புக் கட்டம் அதற்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. கண்ணாடிக்குள் அவன் முகம் ஒரு நொடி தெரிந்தது. அந்த முகத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த கோனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தபா போடும்மா" என்றான். இன்னொரு தரமும் அதேதான்.

பின்பக்கம் படுவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இது நேற்று வந்தவனுக்கும் தெரியும். தன்னை மட்டும் வெற்றிவேல் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கும் இதே கார், இதே வீச்சு. கோன் நின்றுகொண்டுதான் இருந்தது. ஜாய்சன் கண்ணால் பார்த்ததற்குத்தான் கொடி தூக்கியிருக்கிறான். அந்தப் பாவத்துக்காக அவன் அப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட இவன் போகவில்லை. யாரும் பார்க்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜாய்சனிடம் போனான். ஜாய்சன் வீல் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த ஓட்டம் அவனுடையது.

"ஜாய்சா" என்றான். எட்டு வருடம் பேசிப் பேசித் தேய்ந்த வாய், இப்போது வேண்டியதற்கு உதவவில்லை. "அன்னிக்கு... அந்த கோனு..."

ஜாய்சன் நிமிரவில்லை. "அன்னிக்கு நீ தொடல வெற்றி. நான்தான் தப்பா கொடி தூக்கிட்டேன்."

ஸ்பேனரை இன்னொரு முறுக்கு முறுக்கினான்.

"போதுமா?" என்றான் ஜாய்சன். குரலில் கோபமே இல்லை. "நீ அதுக்குத்தான் வரேன்னு பாலு சொன்னான். சரி, சொல்லிடலாம்னுதான் நானும் வந்தேன்."

"இல்லடா, நான் இப்பதான் வீடியோல..."

"நானும்தான் கேட்டேன், நீ அங்க கத்துனத." அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினான். "அப்பா அடக்கத்தன்னிக்கே சொல்லியிருப்பேன். பெட்டிய மூடப் போறாங்க, ஃபாதர் வெயிட் பண்றாரு, நான் வாசலயே பாத்துகினு இருக்கேன். நீ வந்தா மொதல்ல இதச் சொல்லிடணும், தொட்டியோ தொடலியோ, எவனுக்கு வேணும் அதுன்னு இருந்தேன். கொஞ்ச நேரம் இருங்கன்னு ரெண்டு தடவ பெட்டிய மூட வுடல. அப்பறம் அம்மா மூடச் சொல்லிட்டாங்க."

"தொட்டுட்டேன்டா" என்றான் வெற்றிவேல். "அன்னிக்கும் தொட்டிருக்கேன்."

"தொடல. சொல்லிட்டேன் இல்ல?" ஜாய்சன் எழுந்து கையைத் துணியில் துடைத்தான். முதல் தடவையாக நேராகப் பார்த்தான். பரிச்சயமில்லாத வாடிக்கையாளரைப் பார்ப்பது போன்ற பார்வை. "நீ கேக்க வந்தத கேட்டுட்ட. நான் சொல்ல வந்தத சொல்லிட்டேன். ரெண்டு பேரு வேலயும் முடிஞ்சிது. அடுத்த வருஷம் பாலு கூப்ட்டா நீ வா. நான் வரல."

மைக்கில் பாலு ஜாய்சனின் பெயரைக் கூப்பிட்டான். ஜாய்சன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டான். வெற்றிவேல் கண்ணாடியைத் தட்டி, மறுபடியும் சொன்னான், தொட்டேன் என்று. உள்ளே இருந்தவன் கேட்ட மாதிரி தெரியவில்லை. கார் ஸ்டார்ட் கோட்டை நோக்கி நகர்ந்தது.