ஓஸின் மறுமுனை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கேவலம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

சங்கராபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஜூனில் பாரதி என்ற ஆசிரியை புதிதாக வந்தார். அலைகள் பாடத்தை இருவரும் ஆளுக்கொரு நாள் நடத்துங்கள், பார்த்துவிட்டு வகுப்பை ஒருவருக்குத் தருகிறேன் என்றார் தலைமையாசிரியர் ராமசாமி.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'பாரதிக்குப் பாடம் தெரியாது, சிரிக்க மட்டும்...'

அடித்துவிட்டேன். பாடமும் தெரியும்.

2

என் நாள். வெள்ளிமலை பஸ்ஸைச் சொன்னேன். பின்படியில் நிற்கும் கண்டக்டர் 'உள்ள போங்க' என்று கடைசி ஆளைத் தள்ளுகிறார். அந்த ஆள் தனக்கு முன்னால் நிற்பவர்மேல் சாய்கிறார், அவர் அடுத்தவர்மேல். நெருக்கம் டிரைவர் முதுகுவரை போய்விடுகிறது. ஆனால் தள்ளப்பட்டவர் பின்படியை விட்டு நகரவே இல்லை. போனது ஆள் அல்ல, தள்ளல். ஆட்கள் அசைந்த திசையிலேயே அதுவும் போனதால் நெட்டலை. ஒலி காற்றில் இப்படித்தான் வருகிறது.

(இந்த உதாரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது. நீங்கள் கொஞ்சம் மெச்சலாம்.)

'மாணவர்கள் வியந்து...' இல்லை. அஜித் கொட்டாவி விட்டான்.

3

அவர் நாள். பாரதி மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் இருபதடி ரப்பர் ஓஸ் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்.

"செடியில ஓஸ் மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்க?"

"ஒரு ஒதறு ஒதறுவோம் மிஸ்."

"யாராச்சும் அவ்ளோ தூரம் நடந்து போயி எடுத்து வுடுவாங்களா?"

"எங்க அப்பா போவாரு மிஸ்," என்றான் அஜித்.

"அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. சார், அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

சார் நான்தான்.

[இங்கே ஓஸ் அறுந்துவிட்டதாக இரண்டாம் வரைவில் எழுதினேன். அறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. புது ஓஸ்.]

அவர் உதறினார். ஒரு மேடு எழுந்து என்னை நோக்கி ஓடிவந்தது. ஓஸில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தார். அது மேலே போய்க் கீழே வந்து தன் இடத்திலேயே நின்றது. மேடு மட்டும் கடந்து போனது. அசைவு மேலும் கீழும், பயணம் குறுக்கே: குறுக்கலை. வேகமாக உதற உதற அதிர்வெண் கூடியது, மேடுகள் நெருங்கின, அலைநீளம் குறைந்தது. பலமாக உதறியபோது மேட்டின் உயரம், அதாவது வீச்சு, கூடியது. எல்லாம் கண்முன்னால். என் பஸ்ஸில் ரிப்பன் இல்லை.

4

தனுஷா கையைத் தூக்கினாள். "மிஸ், மேடு சார் கையில பட்டுத் திரும்பறப்போ கீழ தொங்கிக்கினு வருது. ஏன் மிஸ்?"

பாரதி மறுபடி உதறிப் பார்த்தார். மேடு கவிழ்ந்தேதான் திரும்பியது, காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. படித்திருப்பார். ஆனால் காட்டில் யாரும் திரும்பி வரும் மேட்டைப் பார்ப்பதில்லை, செடி விட்டால் போதும். தவிர, எதிரில் தலைமையாசிரியர் நின்றால் எனக்கே என் பெயர் மறந்துவிடும்.

எனக்குப் பதில் தெரியும். நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். மேடு என் கையை மேலே இழுக்கிறது, கை அசையாமல் கீழே இழுக்கிறது. அதனால் கவிழ்ந்து போகிறது. முனையை ஒரு சணல் நூலில் கட்டி, நூலை மட்டும் பிடித்தால் முனை விருப்பம்போல் எழும்பும். மேடு நிமிர்ந்தபடியே திரும்பும். சணல் என் சட்டைப்பையில் இருக்கிறது. என்றாவது இதைச் செய்து காட்டலாம் என்று பத்தொன்பது வருடமாக இருக்கிறது.

5

முடிவு அ: உரக்க விளக்குகிறேன். ராமசாமி தலையாட்டுகிறார். வகுப்பு எனக்கு.

முடிவு ஆ: பேசாமல் இருக்கிறேன். அப்போதும் வகுப்பு எனக்கு.

முடிவு இ: சணலைக் கட்டி, "இன்னொரு தரம் ஒதறுங்க மேடம்" என்கிறேன். மேடு நிமிர்ந்து திரும்புகிறது. பாரதிக்குப் புரிந்துவிடுகிறது, அவரே விளக்குகிறார், வகுப்பு...

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன, அதுதான் சங்கடம்.

ஆகவே நீங்கள் வாருங்கள். இந்தாருங்கள், முனை. சட்டைப்பையிலிருந்து சணலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி உதறக் கையை ஓங்கிவிட்டார்.