வாசலில் தொங்கிய மூங்கில் நட்சத்திரம்

லாவோஸ் மலையில் அந்த ஊர் வாசலில் மூங்கில் நட்சத்திரம் தொங்கியது. உள்ளே நோய் விரட்டும் சடங்கு, வெளியாள் நுழையக் கூடாது என்று பொருள். வழிகாட்டி புவாலை நின்றுவிட்டாள். முதுகுப் பைகளோடு பின்னால் வந்த பயணிகளும் நின்றார்கள்.

"இந்த ஊரைக் காட்டுறோம்னுதான கூட்டிட்டு வந்தோம். அதைக் கழட்டிட்டு நடம்மா," என்றான் கம்பெனி மேலாளர் விலாய்.

"நீங்களே கழட்டுங்கண்ணே. சடங்கைக் கெடுத்ததுக்கு உங்ககிட்டதான் அபராதமா பன்னி கேப்பாங்க."

"அப்ப நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே நின்னுக்கிறேன்."

புவாலை கம்பெனித் தொப்பியைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். பாதையின் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"இனி நான் உங்க ஆளில்ல. தாண்டிப் போங்க, பாப்போம்."

ஒருவர் காலை இன்னொருவர் தாண்டுவது அங்கே செருப்பால் அடிப்பதற்குச் சமம். விலாய் நின்ற இடத்திலேயே நின்றான்.