பாலத்துச் சாவடிக்குப் பதினாலு பொட்டலம்

செத்த போலீஸ்காரங்களை எண்ணுறதுதான் எங்க பிரிவோட வேலை. நேர்ல போய் எண்ண முடியாது, அங்க குண்டு விழுந்துட்டிருக்கு. அதனால சாப்பாட்டை வச்சு எண்ணுவோம். ஒவ்வொரு காவல் சாவடியும் காலையில வயர்லெஸ்ல கூப்பிட்டு, இன்னிக்கு இத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் வேணும்னு கேக்கும். அந்தச் சாவடி அடிபட்டுச்சுன்னா, கேட்ட பொட்டலத்துல இருந்து உயிரோட வந்து சேர்ந்தவங்களைக் கழிப்போம். மிச்சம் இருக்கிறவங்க செத்தவங்க. கேக்க அசிங்கமாத்தான் இருக்கும். வேற வழி இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

அன்னைக்கு அடிபட்டது பாலத்துச் சாவடி. கேட்டது பதினாலு பொட்டலம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது ஒன்பது பேர். என் தம்பி அந்தச் சாவடியிலதான் இருந்தான்.

ஆபீஸ்ல யாருக்கும் இது தெரியாது. சொந்தக்காரங்க இருக்கிற சாவடியோட கணக்கை நாங்க தொடக்கூடாதுன்னு உத்தரவு. வாயைத் திறந்தா ஃபைலைப் பிடுங்கிக்குவாங்க, அப்புறம் எனக்கு ஒரு சேதியும் வராது. அதனால ஒண்ணும் தெரியாத மாதிரி கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். "பேரெல்லாம் கேக்காதீங்கம்மா, பாதிப் பேருக்கு நினைவே இல்ல"ன்னு நர்ஸ் வச்சுட்டாங்க. அந்தச் சாவடி ஏட்டு பேசற நிலையில இருந்தா பேசச் சொல்லுங்கன்னு மறுபடி கூப்பிட்டுக் கெஞ்சினேன். பாக்கறேன்னு சொன்னாங்க.

"அஞ்சுன்னு அடிச்சிடவா?"ன்னு டைப்பிஸ்ட் அக்கா கேட்டாங்க.

"கொஞ்சம் பொறுங்கக்கா! அப்படி என்ன தலை போற அவசரம்?"

அக்கா முறைச்சாங்க. பாவம், அவங்க மேல எரிஞ்சு விழுந்து என்ன ஆகப்போகுது.

ஆனா எனக்கு ஒண்ணு தெரியும். போன தடவை லீவுல வந்தப்ப தம்பியே சொன்னான்: "அந்தப் பொட்டலம் பல்லு இடுக்குக்குக்கூடக் காணாதுக்கா. எங்க ஏட்டு எப்பவும் கூட்டித்தான் கேப்பாரு." உங்க பசியில எங்க கணக்கு நாறிடும்டா தடியான்னு திட்டினேன். நாறட்டும்னு சிரிச்சான், கடங்காரப் பய.

அப்போ பதினாலு நிஜமில்ல. நேரா சார்கிட்ட போனேன். எங்களுக்குள்ள அவருக்கு ரப்பர்னு பேரு. எந்த எண்ணையும் ஒரு தடவை அழிக்காம விடமாட்டார்.

"சார், பதினாலு பேர் இருக்க மாட்டாங்க. சாவடியில எல்லாம் கூட்டித்தான் கேப்பாங்க."

"எவ்வளவு கூட்டி?"

"ரெண்டு... மூணு இருக்கலாம் சார்."

"கடையில கொசுறு கேக்கற மாதிரி கேக்கறியேம்மா! ஆதாரம் இருந்தா கொண்டா. மத்தியானம் அறிக்கை போகணும்."

நான் அறிக்கைக்காகவா குறைக்கச் சொன்னேன்? அஞ்சு பேர் செத்தாங்கன்னா அதுல அவன் இருப்பான்னு பயமா இருந்தது. ரெண்டு பேர்னா இருக்க மாட்டான்னு தோணுச்சு. கிறுக்குத்தனம்தான். போனவங்க போயாச்சு, நான் எண்ணைக் குறைச்சா எழுந்து வரவா போறாங்க? தெரிஞ்சும் மனசு கேக்கலை.

அப்பதான் போன் அடிச்சது. குரல் கம்மிப் போயிருந்தது. "பாலத்துச் சாவடி ஏட்டு பேசறேன்."

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க மொத்தம் எத்தனை பேர் இருந்தீங்க?"

"பொட்டலத்துக்காகக் கேக்கறீங்களாம்மா? மேல எழுதிடுவீங்களா?"

"ஐயோ, ஒண்ணும் எழுத மாட்டேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லுங்க."

"பத்துப் பேரும்மா. நாலு பொட்டலம் கூடத்தான் கேப்பேன். எல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசுப் பசங்க."

பத்து! ஒன்பது பேர் வந்தாச்சு. ஒண்ணே ஒண்ணுதான்! போனைக் கையால பொத்திக்கிட்டு சார்கிட்ட கத்தினேன். அவர் மேஜையைத் தட்டினார். எனக்கு மூச்சு வந்தது. கூச்சமில்லாம சொல்றேன், சந்தோஷமா இருந்தது.

"வந்தவங்க பேரைச் சொல்லுங்கய்யா."

தன் பேர்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சொன்னார். விரலை மடக்கிக்கிட்டே வந்தேன். ஒன்பது விரல் மடங்கிடுச்சு, தம்பி பேர் வரலை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

மறுபடியும் சொன்னார். மறுபடியும் வரலை.

"மிச்சம் ஒருத்தன்தாம்மா. நாங்க பாலம் தாண்டுற வரைக்கும் பின்னாடி நின்னு சுட்டுக்கிட்டே இருந்தான். என் கண்ணு முன்னாலயே விழுந்தான்." "அவன் அக்கா உங்க ஆபீஸ்லதான் எங்கயோ வேலை பாக்குறாங்களாம். கொஞ்சம் பக்குவமா சொல்லிடுங்க தாயி."

"சொல்லிடறேன்"னு சொல்லிட்டுப் போனை வச்சேன்.

சார் அதுக்குள்ள டைப்பிஸ்ட் அக்கா பக்கம் திரும்பிட்டார். "பூஜ்யம்னு அடிங்கம்மா. ரொம்ப நாள் கழிச்சு ஒரு நல்ல சேதி!" எங்க அறிக்கையில எல்லாம் அஞ்சஞ்சாத்தான் போகும். எண்ணை வச்சு செத்தது யாரு எவருன்னு வெளிய யாரும் பொருத்திப் பாத்துடக் கூடாதாம். மூணு, நாலுன்னா அஞ்சாக்கிடுவோம். ஒண்ணு, ரெண்டுன்னா பூஜ்யம்.

"பூஜ்யம் இல்ல சார்."

"ஒண்ணுதானேம்மா? நீதானே குறைக்கச் சொல்லி நச்சரிச்சே?"

"அது என் தம்பி சார்."

டைப்பிஸ்ட் அக்கா கை அப்படியே நின்னுடுச்சு. சார் நாற்காலியில பொத்துனு உக்காந்தார். பேனா மூடியைத் திருகினார். அப்புறம் தணிஞ்ச குரல்ல, "அஞ்சுன்னு போட்டுடட்டுமாம்மா?"ன்னார். என் மேல இரக்கப்பட்டுத்தான் கேட்டார், அந்த மனுஷன்.

"ஒண்ணுன்னு போடுங்க!" கத்திட்டேன். "அவனைப் பூஜ்யமாவும் ஆக்க வேணாம், அவனுக்காக இன்னும் நாலு பேரைக் கொல்லவும் வேணாம். எனக்கு ஒரே ஒரு தம்பி சார். ஒண்ணுன்னு போடுங்க!"

டைப்பிஸ்ட் அக்கா சார் முகத்தைக்கூடப் பாக்காம ஒண்ணுன்னு ஒரே தட்டு தட்டினாங்க. தாளை உருவி அவர் முன்னால வச்சு, "கையெழுத்துப் போடுங்க சார்"னாங்க.