ஹவில்தார் ஊதிய விசில்

பெருமாள்சாமி ராணுவத்தில் இருந்தது பதினேழு வருஷம். அதைப் பற்றி டீக்கடையில் அளந்துவிட்டது இருபது வருஷம். பனிமலையில் எதிரிகள் நூறு பேர் ஏறி வந்தபோதும் தன் செக்‌ஷன் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை என்பார். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் மகன் முகேஷ்குமார். வத்தலக்குண்டில் செல்போன் கடை வைத்திருந்தாலும் ஹவில்தார் மகன் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வான்.

அந்த வருஷம் கண்மாய்த் தண்ணீருக்காகக் கீழூர்க்காரர்களோடு தகராறு. காலையில் மடையை உடைக்க வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சேதி வந்தது. போலீசுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊருக்குள்ளேயே ஹவில்தார் இருக்கும்போது போலீஸ் எதற்கு?

பெருமாள்சாமி ஆட்களைப் பிரித்தார். கம்போடு பன்னிரண்டு பேர் கரைக்குக் கீழே முன்வரிசை. கல்லோடு முப்பது பேர் கரைமேல், கருவேல மறைவில்.

"முன்வரிசை செத்த நேரம் அடிச்சிட்டு, நான் விசில் ஊதுனதும் கரைக்கு ஓடியாந்துரணும். அவய்ங்க விரட்டிக்கிட்டுச் சேத்துல இறங்குவாய்ங்க. நம்மாளு கரை ஏறுனதும் மேல இருந்து கல்லு."

"ஓடணுமாண்ணே?" என்று சிரித்தார் தம்பிமுறைக்காரர் சங்கிலி.

"அடிக்கிறது எவனுக்கும் வரும். ஓடுறதுதாம்ப்பா டிரில்லு."

நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. மகனை மட்டும் கரைமேல் வைத்திருக்கலாம். ஊர் என்ன பேசுமோ என்று அவனை முன்வரிசையில் நட்டநடுவில் நிறுத்தினார், பாவி மனுசன்.

கீழூரிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள், கடப்பாரையும் அரிவாளுமாக. முதல் அடியிலேயே சங்கிலியின் முன்பல் தெறித்தது. ஒருவனுக்கு முழங்கை முறிந்த சத்தம் கரைவரை கேட்டது. இன்னொருவன் கிழிந்த தோளைப் பொத்திக்கொண்டு சேற்றில் உருண்டு எழுந்தான். கரையின் கோடியில் நின்ற பெருமாள்சாமி விசில் ஊதினார். பதினோரு பேர் திரும்பி ஓடினார்கள்.

முகேஷ்குமார் நின்றான்.

"ஏலே, விசில் கேக்கலையா? ஓடியாடா!" என்று ஓடிக்கொண்டே கத்தினார் சங்கிலி.

"அது உங்களுக்கு, சித்தப்பா! எங்கப்பன் மகன் முதுகு காட்ட மாட்டான்!"

கீழூர்க்காரர்கள் அவனைச் சூழ்ந்தார்கள். பதினோரு பேரும் கரை ஏறியதும் மேலிருந்தவர்கள் சொன்னபடியே எறிந்தார்கள். "நிறுத்துங்கடா, எம்புள்ள நிக்கிறான்!" என்று பெருமாள்சாமி அலறியது அந்தக் கூச்சலில் யாருக்கும் எட்டவில்லை. மறுபடி மறுபடி விசில் ஊதினார். அது ஓடி வருவதற்கான விசில். எறிவதை நிறுத்த அவர் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கீழூர்க்காரர்கள் உடைந்த மண்டைகளோடு சிதறி ஓடினார்கள். திட்டம் ஜெயித்தது.

சேற்றில் கிடந்த மகனின் தலையை மடியில் எடுத்து வைத்தார். நெற்றி பிளந்திருந்தது. பக்கத்தில் கிடந்தது இவர்கள் எறிந்த கல்தான்.

"நான் ஓடுனேன்டா அப்பு! அன்னைக்குப் பனிமலைல சுபேதார் விசில் ஊதுனாரு, அம்புட்டுப் பேரும் ஓடித்தான் பொழைச்சோம். நான் ஓடி வந்ததாலதான்டா நீயே பொறந்த!"

இருபது வருஷம் மறைத்ததைத் தொண்டை கிழியச் சொன்னார். கரைமேல் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். முகேஷ்குமாருக்குத்தான் கேட்கவில்லை.