எல்பர்ட் ப்ரேட்டர் கிழிக்காத தீக்குச்சி

மார்ட்டெல் மாவட்டத்துச் சாலையோரங்களில் மொத்தம் பதினோரு வரலாற்றுப் பலகைகள் இருந்தன. தூணின் மேல் வார்ப்புத் தகடு, பச்சை வண்ணம், வெள்ளி எழுத்து. பதினொன்றும் லவேடா ப்ரேட்டருக்கு மனப்பாடம். மாவட்டச் சாலைத்துறையில் புல்வெட்டும் டிராக்டர் ஓட்டுவது அவள் வேலை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மலைச்சாலைகளின் இரு ஓரத்தையும் வெட்டிக்கொண்டே போவாள். பலகை வந்தால் டிராக்டரை நிறுத்தி இறங்கி, தூணைச் சுற்றிக் கை இயந்திரத்தால் ஒழுங்கு செய்வாள்.

ஒரு தளபதி குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடம். ஒரு நில அளவைக்காரர் ஒரே ஒரு இரவு படுத்துவிட்டுப் போன இடம். நீதிமன்றம் எரிந்த இடம். கட்டி முடித்ததும் மறுபடி எரிந்த அதே இடம். வழிப்போக்கர்களுக்கெல்லாம் பலகை உண்டு. இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவர்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஸ்டில்ஹவுஸ் ஓடைக்குப் பக்கத்தில், பெட்ரோல் கடைக்கு எதிரே நின்ற அந்தப் பலகை சொன்னது இதுதான்: 1957 மார்ச் 11, திங்கட்கிழமை, கோர்டல் கம்பெனியின் நான்காம் எண் நிலக்கரிச் சுரங்கத்தில் எல்பர்ட் ப்ரேட்டர் என்ற தொழிலாளி விதியை மீறித் தீக்குச்சி கிழித்ததால் நேர்ந்த வெடிப்பில் இருபத்தேழு பேர் மாண்டனர்.

இருபத்தேழு பேரில் பெயர் போட்டிருந்தது ஒருவனுக்குத்தான். அவன் லவேடாவின் அப்பா.

வெடித்தபோது அவளுக்கு நாலு வயது. பலகை நட்டபோது இருபத்தொன்று. வேலையில் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் டென்வர், அந்த வளைவை மட்டும் வேறு ஆளிடம் விட்டுவிடலாம் என்று தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார். லவேடா ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே மட்டும் புல் உயர்ந்தால், ப்ரேட்டர் மகள் வேண்டுமென்றே மறைக்கிறாள் என்று ஊர் பேசும். அதனால் மற்ற பத்தையும்விட அந்தத் தூணடிதான் எப்போதும் சுத்தமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் அப்படிச் செய்தாள்.

அம்மா டெல்ஃபியா வெடிப்புக்கு அடுத்த மாதமே சர்ச்சில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. முன் வரிசையில் ஓமா கைசர் உட்கார்ந்திருந்தாள், புருஷனையும் பதினெட்டும் இருபதுமான இரண்டு மகன்களையும் ஒரே காலையில் பறிகொடுத்தவள். உள்ளே தீ அடங்காததால் பதினாறு உடல்களோடு மீட்பு வேலையை நிறுத்தி, சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். வெளியே வந்த பதினாறில் எல்பர்ட் ஒருவன். உள்ளேயே தங்கிவிட்ட பதினொன்றில் ஓமாவின் மூன்று பேர். தீக்குச்சி கிழித்தவனுக்குக் கல்லறை, தன் பிள்ளைகளுக்குச் சுவர். அந்தக் கணக்கு ஓமாவுக்குத் தீரவே இல்லை. டெல்ஃபியா எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். "அவருக்குப் புகைக்கிற பழக்கமே இல்ல" என்று டெல்ஃபியா ஆரம்பத்தில் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். சாகும்வரை அந்தச் சாலை வளைவு வந்தால் மடியைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

தொண்ணூற்றெட்டு இலையுதிர் காலத்தில், முதியோர் இல்லத்திலிருந்து ஹோபர்ட் ஸ்லோன் லவேடாவுக்கு ஆள் அனுப்பினார். நான்காம் எண் சுரங்கத்தில் காற்றோட்டக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டவர். தூசி தின்ற நுரையீரலோடு, மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருந்தார். இல்லத்துச் சாப்பாடு வாயில் வைக்க முடியாது என்று கேள்விப்பட்டு, லவேடா சோள ரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. உள்ளே ஊறும் வாயுவை இழுத்து வெளியே தள்ளும் பெரிய காற்றாடியை வெள்ளிக்கிழமை சாயங்காலமே நிறுத்தச் சொன்னது கண்காணிப்பாளர் கேலிஹன். சனி ஞாயிறு வேலை இல்லை, வெறுமனே எதற்கு மின்சாரம் என்றாராம். திங்கள் காலை காற்றாடி ஓடத் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ஆட்களை இறக்கிவிட்டார்கள்.

"உங்கப்பன் புகையிலை மெல்லுற ஆளு," என்றார் ஹோபர்ட். "அவனுக்கு எதுக்குத் தீப்பெட்டி? கரி வெட்டுற மெஷின்ல பொறி தட்டியிருக்கு, வாயு அங்க தொங்கிட்டு இருந்திருக்கு. அவ்வளவுதான்."

"நாப்பத்தோரு வருஷம் இத வாயில வச்சிட்டு இருந்தீங்களா?"

"சுவிட்ச அணைச்சது என் கை லவேடா. சொல்லியிருந்தா மொதல்ல அதத்தான் கேட்டிருப்பாங்க. மூணு புள்ளைங்க எனக்கு, குடியிருந்தது கம்பெனி வீடு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்ன நம்ப வேணாம். மாநில அதிகாரிங்க விசாரிச்சு எழுதினது தலைநகரத்துல இருக்கு. போய்க் கேட்டா யாருக்கும் குடுப்பாங்க. எப்பவுமே குடுத்திருப்பாங்க."

அப்பா இறந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் இதே ஹோபர்ட் ஒரு பன்றித் தொடையை வைத்துவிட்டுப் போனதாக அம்மா நன்றியோடு சொல்வது லவேடாவுக்கு நினைவு வந்தது. சோள ரொட்டியை மேசையில் வைக்காமலே எழுந்து வந்தாள். மூன்று வாரத்தில் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு அவள் போகவில்லை.

ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்கு ஓட்டிப் போனாள். ஆவணக் காப்பகத்தில் ஒரு பெண் பதினைந்து நிமிஷத்தில் கோப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அறுபத்திரண்டு பக்கம். காற்றாடி நின்றிருந்த நேரம் அதில் மணிக்கணக்கோடு இருந்தது. எல்பர்ட் ப்ரேட்டரின் சட்டைப்பையில் இருந்தது மெல்லும் புகையிலை டப்பா ஒன்று, தீப்பெட்டி இல்லை. மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் கேலிஹன் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டி, ப்ரேட்டர் பக்கத்தில் கிடந்தது என்றார். எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்று விசாரணையாளர் எழுதியிருந்தார்.

லவேடா அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். அழுகை வரவில்லை. அம்மா குனிந்துகொள்வதுதான் நினைவில் நின்றது. நாலு மணி நேரப் பயணத்தில் இருந்திருக்கிறது இது. தானாவது ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமே.

கோப்பின் உள்ளட்டையில், அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்கள் கையெழுத்துப் போடும் சீட்டு ஒட்டியிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரே ஒரு கையெழுத்து. ராய்ஸ் கேலிஹன், 1973 அக்டோபர் 4. பலகை நட்டது அதற்கு அடுத்த வசந்தத்தில்.

ராய்ஸ் கேலிஹன் அந்தக் கண்காணிப்பாளரின் மகன். மருந்துக்கடைக்காரர். இந்தப் பலகைகளை நடும் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கு இருபத்தாறு வருஷமாகத் தலைவர். ஊரில் யாருக்கு என்ன வியாதி, யார் எந்த மாத்திரையில் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனாலேயோ என்னவோ, அவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. சங்கம் கூடுவது நூலகத்தின் கீழ்த்தளத்தில். நூலகத்துக்கு அவர் அப்பாவின் பெயர்.

லவேடா சீருடையோடே போனாள். ஏழு உறுப்பினர்களுக்கும் நகல் எடுத்து வந்திருந்தாள். அவர்கள் வாசிக்க வாசிக்க அறையில் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ராய்ஸ் தன் நகலைத் தொடவில்லை.

வருத்தமான விஷயம், பெயரை எடுத்துவிடலாம், "காரணம் தெரியாத வெடிப்பு" என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார் இதமாக. காரணம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றாள் லவேடா. காற்றாடியை நிறுத்தியது கம்பெனி என்று எழுத வேண்டும், இருபத்தேழு பெயரும் வேண்டும். ஒரு தகட்டில் இத்தனை எழுத்துதான் பிடிக்கும் என்று ராய்ஸ் எடுத்துச் சொன்னார். கம்பெனியை இழுத்தால் வக்கீலைப் பார்க்க வேண்டிவரும் என்று இன்னொருவர் முனகினார்.

"எங்கப்பா பேரைப் போட எடம் பத்துச்சே," என்றாள் லவேடா. பிறகு கடைசித் தாளை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "இந்தச் சீட்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானே, மிஸ்டர் கேலிஹன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"அப்போ எங்கப்பா உயிரோட இருந்தாரு," என்றார் கடைசியில். "உங்கப்பா இல்ல. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"எங்கம்மா உயிரோடதான் இருந்தாங்க. உங்க கடையிலதான் மாசாமாசம் மருந்து வாங்கினாங்க. மீதிச் சில்லறைய எண்ணி அவங்க கையில வச்சது நீங்கதான்."

ராய்ஸ் தாள் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புதுத் தீர்மானம் ஒன்றை அவரே எழுதினார்: பலகையைப் பழுது பார்ப்பதற்காக அகற்றுவது, புதிய வாசகம் பற்றிப் பின்னர் கூடிப் பேசுவது. ஆறு கைகள் உயர்ந்தன. ராய்ஸ் தன் கையைத் தூக்காமல் ஒதுங்கிக்கொண்டார், நியாயவானைப் போல.

வேலை உத்தரவு சாலைத்துறைக்குத்தானே வரும். டென்வர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். நானே போகிறேன் என்றாள் லவேடா. மே மாதத்து முற்பகல். தூணடியைத் தோண்டி, கான்கிரீட்டை உடைத்து, சங்கிலி கட்டி இழுத்தாள். இத்தனை வருஷம் மலைபோல் நின்றது, இரண்டு மணி நேரத்தில் வண்டியின் பின்னால் மல்லாந்து கிடந்தது. பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். முதுகுதான் வலித்தது.

குழியை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. ஓமா கைசர் இறங்கினாள். எண்பத்திரண்டு வயது, கைத்தடி, சர்ச்சுக்குப் போகிற உடுப்பு. ஓட்டி வந்த அண்ணன் மகள் உள்ளேயே இருந்தாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் ஓமா ஒரு ப்ரேட்டரிடம் பேசிய முதல் வார்த்தை, "எங்க கொண்டு போற?" என்பதுதான்.

லவேடா சொன்னாள். வண்டியிலிருந்து நகலையும் எடுத்து நீட்டினாள். காற்றாடி, கண்காணிப்பாளர், தீப்பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிழவி குறுக்கிடாமல் கேட்டாள். தாளை வாங்கவில்லை.

"எனக்குக் கல்லறை கெடையாது," என்றாள். "மார்ச்லயும், ஊரே கல்லறைக்குப் பூ வைக்கிற மே மாசத்துலயும் நான் பூ கொண்டாந்து வைக்கிறது இந்தத் தூண்லதான். உங்கப்பன் பேரு என் கண்ணுல படாது. இருபத்தேழுங்கற எண்ண மட்டும் பாப்பேன். அதுல மூணு என்னோடது."

"திரும்ப வைப்பாங்க. எல்லார் பேரையும் போட்டு…"

"யாரு, ராய்ஸ் கேலிஹனா?" ஓமா சிரித்த மாதிரி இருந்தது. "வைக்கமாட்டான். உனக்கும் தெரியும்."

லவேடா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றாள். இவள் நம்பவாவது செய்கிறாளா என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. "நான் சொன்னத நம்புறீங்களா, மிஸஸ் கைசர்?"

"நம்பாம என்ன. எல்பர்ட் புகைச்சு நான் பாத்ததே இல்ல." ஓமா பள்ளம் இருந்த இடத்தைத் தடியால் அழுத்திப் பார்த்தாள். "ஒருத்தன வெறுத்துத்தான் தெனமும் காலையில எந்திரிச்சேன். அவன் பேரு இங்க எழுதியிருந்துச்சு, வசதியா இருந்துச்சு. இந்த வயசுல புதுசா ஒருத்தன வெறுக்க ஆரம்பிக்கச் சொல்றியா? எங்கிட்ட அதுக்குத் தெம்பு இல்லடி."

காரில் ஏறிக்கொண்டாள். பூங்கொத்தொன்று பின்சீட்டில் இருந்ததை லவேடா பார்த்தாள். வைக்க இடமில்லாமல் அது அப்படியே திரும்பிப் போனது.

பலகை சாலைத்துறைக் கிடங்கில், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்புக் குவியலுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. சங்கம் பின்னர் கூடியது, வேறு விஷயங்கள் பேசியது. அடுத்த வருஷம் நூலகத்துக்கு முன்னால் பன்னிரண்டாவது பலகை ஒன்று முளைத்தது. நூலகம் தந்த கேலிஹனைப் பற்றியது. அதற்குள் ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பியிருந்தது. தன் குடும்ப மானத்துக்காக, செத்தவர்களின் ஞாபகத்தையே பிடுங்கி எறிந்துவிட்டாள் என்றார்கள். உள்ளே தங்கிவிட்ட பதினொரு பேரின் சொந்தங்கள், முன்பு பரிதாபத்துக்காவது தலையசைத்தவர்கள், இப்போது அதையும் நிறுத்திக்கொண்டார்கள். லவேடா தாளை நீட்டினால், பிறகு படிக்கிறேன் என்று மடித்து வைத்துக்கொள்வார்கள். அறுபத்திரண்டு பக்கம் படிக்க ஊரில் யாருக்கும் நேரம் இல்லை.

ஓமா அந்தக் குளிர்காலத்தில் இறந்தாள். லவேடா சர்ச்சின் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள். அடுத்த வாரம் ஓக் பலகை ஒன்றை வாங்கி, இருபத்தேழு பெயரையும் அகரவரிசையில் தன் கையாலேயே எழுதினாள். கைசர் மூன்று பேரும் நடுவில் வந்தார்கள். ப்ரேட்டர் அவர்களுக்குக் கீழே, ஆறு வரி தள்ளி வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை, தேதி மட்டும் போட்டாள். பழைய தூண் இருந்த இடத்திலேயே அதை நட்டாள். அனுமதி இல்லாத பலகை என்று தெரிந்தும் டென்வர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துகொண்டார்.

பத்தாம் நாள் எல்பர்ட் ப்ரேட்டர் என்ற வரியை மட்டும் யாரோ உளியால் சுரண்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்து எழுத்தில் ஒரு கீறல் இல்லை, அவ்வளவு பொறுமையான வேலை. லவேடா திரும்ப எழுதினாள். மறுபடி சுரண்டினார்கள். யார் என்று கண்டுபிடிக்க அவள் முயலவில்லை. கண்டுபிடித்தால் அந்த வீட்டு வாசலில் எப்படிப் புல் வெட்டுவது?

ஜூன் மாதத்தில் ஒருநாள் லவேடா எதிரே இருந்த பெட்ரோல் கடையில் தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரன் ஒருவன், வழிநெடுகப் பலகைகளைப் படமெடுத்துக்கொண்டு போகிறவன், கல்லாவில் நின்ற இளம் பெண்ணிடம் கேட்டான், அங்கே ஒரு பெயர் மட்டும் ஏன் சுரண்டியிருக்கிறது என்று. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பழைய பலகை அகற்றப்பட்டபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

"அதுவா," என்றாள். "யாரோ ஒருத்தன் உள்ள போய்த் தீக்குச்சி கிழிச்சிட்டானாம்."

லவேடா காப்பிக் கோப்பையைக் கல்லாவில் வைத்தாள். "அவன் பேரு எல்பர்ட் ப்ரேட்டர்," என்றாள் வெளியூர்க்காரனிடம். "அவன் கிழிக்கல. எழுதிக்கோங்க."

அவன் மரியாதையாகத் தலையாட்டினான். பைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேனா இல்லை என்று சிரித்தான். கல்லாப் பெண் ஒன்று இரவல் கொடுத்தாள். அது எழுதவில்லை.